அத்தையின் கையில் இருந்த சேலை முனை

அம்மிணிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "அத்தை சம்மதித்தாரா இல்லையா, ஒரே வரியில் எழுதுங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷமாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் நான். முக்கியமான சேதி முதல் வரியில் வர வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன். இந்த ஒரு தடவை மட்டும் அந்த விதியை ஒதுக்கி வைக்கிறேன். அத்தையின் பதிலை இங்கேயே எழுதிவிட்டால், நீ சந்தோஷத்தில் விடுதித் தோழிகளைத் தேடி ஓடுவாய், அல்லது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாய். எப்படியானாலும் மிச்சத்தைப் படிக்க மாட்டாய். மிச்சத்தில்தான் நீ படிக்க ஆசைப்படும் பாடம் இருக்கிறது. ஆகவே பொறுமையாக வா.

கல்கத்தாவில் மானிடவியல் படிக்க உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இந்த மாதக் கடைசிக்குள் நீ பதில் எழுத வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது தூரமோ, வங்காளத்துச் சாப்பாடோ, உன் அம்மாவின் கவலையோ அல்ல. உன் அத்தைக்கு, அதாவது என் அக்காவுக்கு, உன்மேல் ஓர் உரிமை இருக்கிறது. அது எப்படி வந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் கல்யாணத்தில், உன் அம்மாவுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்தும் அருமைக்காரர், மணப்பெண்ணுக்கு எடுத்திருந்த கூறைச் சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறு முனையை அக்காவின் கையில் கொடுத்தார். இணைச்சீர் என்று பெயர். எனக்குப் பெண் பிறந்தால் அவள் அக்கா மகனுக்கு என்பது அதன் பொருள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. உன் மச்சான் அப்போது அக்காவின் மடியில் உட்கார்ந்து, தனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று தெரியாமல் ஒரு பழத்தைத் தின்றுகொண்டிருந்தான். நீ பிறப்பதற்கு முன்பே உன்னைப் பற்றி ஒரு பேச்சு முடிந்துவிட்டது.

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மனுசனப் பத்திப் படிக்கறதுக்குக் கல்கத்தா எதுக்குங்க? சேலத்துல மனுசங்களே இல்லீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லப் பார்த்தேன். அப்போது நினைவுக்கு வந்தது செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் நடந்த ஒரு சம்பவம். நீ கைக்குழந்தையாக இருந்த காலம். மதராஸிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். பித்தளையில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். சந்தைக்கு வந்தவர்களை நிறுத்தி, தலையின் நீளம் என்ன, அகலம் என்ன, மூக்கு எவ்வளவு என்று அளந்து, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் சொன்னார். செய்தி எழுதுவதற்காக நான் கூடப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சந்தையில் பாதி அங்கே வந்துவிட்டது. "தலைக்கு வரி போடப் போறாங்களாம், பெரிய தலைக்கு ஜாஸ்தியாம்" என்று ஒருவர் துண்டை இறுக்கித் தலைப்பாகை கட்டிக்கொண்டு பின்வாங்கினார். வெல்ல மண்டிக்காரர் ஒருவர் மட்டும் தைரியமாக வந்து நின்றார். கருவி மூக்கருகில் வந்ததும், "ஏனுங்க, மூக்கு எதுக்குங்க? எவ்வளவு பொடி புடிக்கும்னு பாக்கறீங்களா?" என்றார். நான் இங்கிலீஷில் சொன்னதும் துரைக்குச் சிரிப்பு வந்து அளவு தவறிவிட்டது. மறுபடி அளந்தார்.

அளந்து முடித்ததும் வெல்ல மண்டிக்காரர் நகரவில்லை. "என்னுத அளந்தீங்க. உங்களுத சொல்லலையே" என்றார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. துரை நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டு, சந்தைக்கு நடுவில் ஒரு வெல்ல மூட்டையின்மேல் உட்கார்ந்து, உதவியாளரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். தலையின் நீளத்தில் துரைக்கும் மண்டிக்காரருக்கும் அளவு ஒன்றாக இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். மண்டிக்காரர் துரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நாம பங்காளிங்களா, மாமன் மச்சானுங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல. பங்காளின்னா பொண்ணு கட்ட முடியாது" என்றார். இதைத் துரைக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அரை நாள் ஆயிற்று. நமக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். ஒன்று பங்காளி, இன்னொன்று மாமன் மச்சான். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்து, இரண்டில் ஒன்றில் அவரை உட்கார வைத்த பிறகுதான் சோறு போடுவோம். துரை கையை முட்டியில் வைத்துக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு அன்று அவர் யார் தலையையும் அளக்கவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று பொழுது சாயும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மானிடவியல் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தச் சந்தையைத்தான் சொல்வேன். மண்டையோடும் எலும்பும், பூமிக்குள் கிடக்கும் பழைய கல் கருவியும், பேச்சும், சாமி கும்பிடுகிற விதமும், யார் யாரைக் கட்டலாம் என்பதும், எல்லாம் ஒரே படிப்புக்குள் வருகின்றன என்று உன் பாடத்திட்டம் சொல்கிறது. எங்கே தொடங்கினாலும், எதிரே நிற்கிற மனிதன் "உன்னுத சொல்லு" என்று கேட்கும் இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அப்போது தொப்பியைக் கழற்றுகிறவர்களுக்கே இந்தப் படிப்பு வரும் என்று எனக்குப் படுகிறது.

இனி, உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். அத்தையிடம் நேரில் கேட்பது என்று முடிவு செய்து புறப்பட்டேன். பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள். சரிதான் என்று நினைத்து, வீட்டுப் பித்தளைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு, கடைவீதியில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ எல்லாம் வாங்கினேன். அக்காவுக்காக உன் அம்மா எடுத்து வைத்திருந்த, இளம்பிள்ளைத் தறியில் நெய்த பட்டுச் சேலை தனியாகப் பைக்குள் இருந்தது. சங்ககிரி வழியாகப் போகும் திருச்செங்கோட்டு மோட்டாரில் ஏறினேன். சங்ககிரி மலையைத் தாண்டும்வரை, அக்காவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். காலம் மாறிவிட்டது என்பது முதல் வாதம். பெண்கள் படிக்கிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதையும் நன்றாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். இப்போது மறந்துவிட்டது. ஒன்றுமே தேவைப்படவில்லை.

ஊர் எல்லையில் இறங்கியதும், தேங்காய் உருண்டு பழத்தை நசுக்கிவிடக் கூடாது என்று பையிலிருந்தவற்றைத் தட்டத்தில் அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். இங்கேதான் தவறு நடந்தது. நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன், பெண்மேல் உரிமை உள்ள முறைகாரி வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டத்தோடு வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். தெரு முழுக்க நடந்து முடிக்கிற வரைக்கும் அது உறைக்கவில்லை. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, தட்டத்தைப் பார்த்தார். உடனே கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா சாமி. இன்னைக்குத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?" என்று சொல்லித் தட்டத்தை வாங்கி நடுவீட்டில் வைத்தார். நான் கால் கழுவி வருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கல்யாணத் தேதி தையிலயா மாசியிலயா?" என்று கேட்டாயிற்று. உள்ளே, உன் விடுதியில் போளி என்று சொல்லும் ஒப்பிட்டுக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அருமைக்காரருக்கு ஆள் போயிருந்தது. என் கல்யாணத்தில் அந்தச் சேலை முனையைக் கொடுத்த அதே பெரியவர்தான். அவரும் புது வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் தட்டம் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தது.

சாப்பிட்ட பிறகு சொல்வது துரோகம் என்று தோன்றியதால் இலை போடும் முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா, நான் தேதி வெக்க வரலீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். அம்மிணி மேல படிக்கோணுங்கறா. கல்கத்தாவுல எடம் குடுத்திருக்கறாங்க."

அக்கா நடுவீட்டைக் காட்டி, "தட்டத்தக் கொண்டாந்து வெச்சுப்போட்டு இல்லைங்கற. நல்லா இருக்குது" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம். நான் நடந்ததைச் சொன்னேன். தேங்காய் பழத்தை நசுக்கும் என்பதால் தட்டத்தில் அடுக்கியதாகச் சொன்னபோது அருமைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்படி என்ன படிப்பு அது?" என்றார் அக்கா.

"மனுசனப் பத்தின படிப்புங்க்கா. ஊருக்கு ஊரு மனுசங்க எப்படி இருக்கறாங்க, என்ன பேசறாங்க, ஆரு ஆரைக் கட்டறாங்க, எதத் தின்னலாம் எதத் தின்னக் கூடாதுங்கறாங்க, செத்தா என்ன செய்யறாங்க, இதையெல்லாம் நேர்ல போயிப் பாத்து, கேட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கறதுங்க."

"அடுத்தவங்க ஊட்டுச் சமாச்சாரத்தத் தெரிஞ்சுக்கற படிப்பு."

"ஆமாங்க."

"அத நான் கெணத்தடியில எத்தன வருசமாப் படிக்கறேன். எனக்கு ஒரு பட்டம் கொண்டாந்து குடுக்கறதுக்கு ஆரையும் காணமே."

"கெணத்தடியில கேட்டா, இப்படியும் செய்வாங்களான்னு சிரிப்பீங்க. இவ படிப்புல சிரிக்கக் கூடாதுங்க்கா. அவங்க ஏன் அப்படிச் செய்யறாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்."

"சிரிக்காமயே கேக்கறதா? அது கஷ்டமான படிப்புத்தான்" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் உன் மச்சான் உள்ளே வந்தான். அவன் இப்போது திருச்செங்கோட்டு மோட்டார் சர்வீசில் டிரைவர். சட்டையில் எண்ணெய்க் கறை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மிணிக்கு ஆசைன்னா போகட்டுமுங்கம்மா" என்றான்.

"நீ பேசாத. இது உன்ற சமாச்சாரம் இல்ல."

"ஏனுங்கம்மா, கல்யாணம் எனக்குத்தானுங்களே?"

"கல்யாணம் உனக்கு. உரிம எனக்கு. போயிக் கைய கழுவு."

அம்மிணி, நான் எத்தனையோ கூட்டங்களுக்கும் கோர்ட்டு விசாரணைகளுக்கும் போய்க் குறிப்பெடுத்திருக்கிறேன். ஒரு வழக்கத்தின் உள்ளிருப்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டியில் வரும்போது நான் அடுக்கிய வாதங்கள் எல்லாம் உன் மச்சானைப் பற்றியும் உன்னைப் பற்றியும்தான் இருந்தன. அக்கா கையில் இருந்தது வேறு. பிறந்த வீட்டைவிட்டுப் போன பெண்ணுக்கு, தம்பி வீட்டில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது என்று பந்தலில் வைத்து ஊர் முன்னால் சொன்ன வார்த்தை அது. காலம் மாறிவிட்டது என்று சொல்லி அதை அவர் கையிலிருந்து பிடுங்கியிருந்தால் அவருக்கு மிஞ்சுவது என்ன? அதைப் புரிந்துகொண்ட பிறகும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பையிலிருந்து பட்டுச் சேலையை எடுத்து முன்னால் வைத்தேன். அக்கா தொடவில்லை.

"சேலைக்கு மாத்திக்கறதுக்கு என்ற உரிம என்ன பருத்தி மூட்டையா? உள்ள வை."

வைத்துவிட்டேன். அடுப்படியில் ஒப்பிட்டு வேகிற வாசனை. கல்கத்தா முடிந்தது, இதை உனக்கு எப்படி எழுதுவது என்று மனதுக்குள் நான் முதல் வரி தேட ஆரம்பித்துவிட்டேன். அப்போது அக்கா கேட்டார்: "உன்ற பொண்டாட்டியோட கூறச்சேல இருக்குதா? இல்ல, புள்ளைக்குக் கிழிச்சுப் பாவாடை தெச்சுப்போட்டாளா?"

"பொட்டியில இருக்குதுங்க."

"அந்த முனைய ஊரு பாக்க என்ற கையில குடுத்தாங்க. ஊரு பாக்கத்தான் நான் உடுவேன். இப்படி மூணு பேரு உக்காந்து பேசி உட்டா, நாளைக்குத் தம்பி அக்காவ ஏமாத்திப்போட்டான்னு உன்னத்தான் பேசுவாங்க. வார வெள்ளிக்கெழம நம்ம சனத்தக் கூப்புடு. உன்ற ஊட்டுக்கு வாரேன். புள்ளையும் வரட்டும். நீ ஒரு முனையப் புடி, நான் ஒரு முனையப் புடிக்கறேன். என்ற முனைய அம்மிணி கையில நானே குடுக்கறேன். அப்பொறம் அவ கல்கத்தாவுக்குப் போறாளோ காசிக்குப் போறாளோ, அவ பாடு."

அருமைக்காரர் தொண்டையைச் செருமினார். "இப்படி ஒரு சீரு நம்ம சனத்துல இல்லீங்களே."

"இல்லீங்களா?"

"நான் பாத்ததில்லீங்க."

"வெள்ளிக்கெழம வாங்க. பாப்பீங்க."

பெரியவர் தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, மடித்து வாயில் போட்டு, கூரையைப் பார்த்து மென்றார். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மென்று முடித்து, மெதுவாகக் கேட்டார்: "அதுக்கு வெளக்கு எந்தப் பக்கம் வெக்கறதுங்க?"

"கெழக்கால வைங்க" என்றார் அக்கா, நூறு தடவை நடந்த சீரைச் சொல்வது போல.

இதுதான் செய்தி. முதல் வரியில் வந்திருக்க வேண்டியது. கல்கத்தாவுக்கு வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிடு.

போர்வையையோ தோழிகளையோ தேடும் முன் இதையும் கேட்டுக்கொள். நீ படிக்கப் போகும் புத்தகங்களில், இந்த மக்களிடம் தொன்றுதொட்டு இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கும். படிக்கும்போதெல்லாம், விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்ட அந்தப் பெரியவரை நினைத்துக்கொள். உனக்குப் பேத்தி பிறக்கும் காலத்தில், மேலே படிக்கப் போகும் பெண்ணுக்கு அத்தை சேலை முனையைக் கொடுப்பது நம் சனத்தின் பழைய முறை என்று யாராவது ஓர் ஆராய்ச்சியாளரிடம் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது. மனிதர்கள் வழக்கத்துக்குள் வீட்டுக்குள் இருப்பது போல இருக்கிறார்கள். இடம் போதவில்லை என்றால் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டுகிறார்கள், பிறகு அதற்கும் சுண்ணாம்பு அடித்துப் பழைய சுவரோடு சேர்த்துவிடுகிறார்கள். தள்ளிக் கட்டுவது யார், அதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று பார். என்னைப் போல வழியிலேயே வாதங்களை அடுக்கிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதே. கையில் எதை ஏந்திக்கொண்டு போகிறாய் என்பதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்.

அன்று ஒப்பிட்டை வயிறு நிறையச் சாப்பிட்டேன். தேதி வைப்பதற்கென்று செய்தது, அது நடக்கவில்லை என்றாலும் அக்கா நெய்யில் குறை வைக்கவில்லை. உன் மச்சானுக்குப் பெண் பார்க்க நான் முன்னால் நிற்க வேண்டும், மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, ஓர் உரிமையை விட்டுவிட்டு இன்னொன்றால் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறார். சாயங்காலம் உன் மச்சான் ஓட்டும் வண்டியிலேயே என்னை ஏற்றிவிட வந்தார். உன்னை மதராஸுக்கு ரயிலேற்ற சேலம் ஜங்ஷன் வரை தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாக அவன் சொல்லியிருக்கிறான். உன் பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்கச் சொன்னான்.

வண்டி புறப்படும் நேரத்தில், வாழை இலையில் கட்டிய ஒப்பிட்டுப் பொட்டலத்தை அக்கா உனக்கென்று என் மடியில் வைத்தார். வியாழக்கிழமை ரயிலில் நீ வந்துவிட்டால் கெட்டுப்போகாமல் கிடைக்கும். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு கட்டளை உண்டு என்றார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நீ மறுக்க முடியாது.

"கல்கத்தாவுலயும் அத்தைங்க இருப்பாங்கல்ல. அவங்களுக்கு அங்க என்ன முறை செய்யறாங்கன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லோணும். சிரிக்க மாட்டேன்னு அம்மிணிகிட்டச் சொல்லு."

அன்புடன்,
அப்பா